அஞ்சாதவள்

கஜீபன் எழும்பிக் கிணற்று மோட்டரைப் போட்டான். பல் விளக்கினான். தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தினான். பிளேன்ரீ வைத்துக் குடித்தான். முதல்நாள் வாங்கிய பாணைச் சம்பலோடு தின்றான். முற்றம் கூட்டினான். குளித்துவிட்டு வந்து சேட்டுக்கு அயன் போட்டான். போட்டு முடித்த பிறகுதான் கந்தோரில் லீவு எடுத்திருப்பது ஞாபகம் வந்தது. சேட்டை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தான்.

தனுசியா டெங்குக் காய்ச்சலில் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டிக் கிரியை. வருகிறவர்கள் கையில் கொடுக்கக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். அவளுடைய படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு ஒவ்வொரு உறவும் அழுவதுபோலப் பாட்டு. உடுப்பிட்டியில் அந்தப் புத்தகம் இல்லாமல் எவரும் கரையேறுவதில்லை.

வெயில் ஏறுமுன்னரே மாமனார் கனகலிங்கம் அச்சகத்துத் தாள்களோடு வந்துவிட்டார்.

"தம்பி, ஒருக்கா வாசிச்சுப் பாரும். பின்னேரம் அடிக்கக் குடுக்கோணும்."

'கணவன் புலம்பல்' என்ற தலைப்பின் கீழே கஜீபன் அழுதிருந்தான். கற்பின் கனியே, காரிகையே, எனைத் தவிக்கவிட்டு எங்கு சென்றாய் என்று பன்னிரண்டு அடியில் விருத்தம்.

"உதை நான் சொல்லேல்லை, மாமா."

"ஆர்தான் சொல்லுறது? புலவர் எழுதித் தருவார். என்ரை அப்பருக்கு நானும் அப்பிடித்தான் அழுதனான்."

புலவர் தொலைபேசியில் கேட்டதெல்லாம் பிறந்த ஊரும் சகோதரங்களின் பெயரும், நன்றாகச் சமைப்பாளா என்பதும்தான். அட்டையில் 'திருமதி கஜீபன் தனுசியா' என்று போட்டிருந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது.

யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ஒரு பெண்ணியச் சஞ்சிகையில்தான் அவள் முதன்முதலில் வெறும் தனுசியாவாக அச்சில் வந்தாள். அதை வாங்கவென்றே பஸ் ஏறிப் போவாள். திரும்பி வருவதற்குள் பாதி வாசித்திருப்பாள். மிச்சத்தைக் குசினிக்குள் நின்று உரத்து வாசிப்பாள். "கஜீபன், இஞ்சை கேளும், எங்கடை அம்மாவை அப்பிடியே எழுதிக் கிடக்கு." தனக்கு விசரோ பைத்தியமோ இல்லை என்பது அதை வாசித்த பிறகுதான் தெரிந்தது என்பாள்.

வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை, ஏனென்றால் ஒதுங்க இடமில்லை என்று ஒரு கட்டுரை எழுதினாள். கோட்பாட்டுப் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். இராவிராவாக இருந்து கோட்பாட்டைச் சேர்த்தாள். அச்சில் கோட்பாடு முழுவதும் வந்திருந்தது. தண்ணீர் குடிக்காத பெண்கள் வெட்டுப்பட்டிருந்தார்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒருத்தி, "நல்லாயிருக்குப் பிள்ளை. இது ஆரைப் பற்றி?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லித் தனுசியா வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த இதழையும் வாங்கினாள்.

படலையில் ஸ்கூட்டர் நின்றது. சஞ்சிகையின் ஆசிரியர் உதயகலா. அவளிடமும் ஒரு தாள் இருந்தது.

"அஞ்சலிப் பக்கம். இண்டைக்கு அச்சுக்குப் போகுது. நீங்கள் ஒருக்காப் பார்த்தால் நல்லது."

"உவைதான் என்ரை பிள்ளையைக் கெடுத்தது," என்றார் கனகலிங்கம், சுவரைப் பார்த்தபடி.

"நாங்கள் கெடுக்கமுதலே அவ கெட்டிருந்தவ, ஐயா," என்றாள் உதயகலா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கஜீபன் வாசித்தான். குடும்பம் என்னும் சிறைக்குள் இருந்தபடி எழுதியவர்.

"நானோ சிறை?"

"ஐயோ, உங்களைச் சொல்லேல்லை. அமைப்பைச் சொன்னது."

"வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள்."

கஜீபன் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கல்வெட்டின் கடைசி அடி: காலனைக் கண்டும் கலங்காத கண்மணியே. சஞ்சிகையின் கடைசி வரி: மரணத்தின் முன்னும் அஞ்சாதவர்.

"மற்றதெல்லாம் கிடக்கட்டும். இந்த ஒரு வரியை ரெண்டு பேரும் எடுத்துவிடுங்கோ."

"ஏன்? பயந்து செத்தவளெண்டு போடவோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் கனகலிங்கம்.

உதயகலா தணிந்த குரலில் சொன்னாள். "தனுசியாவைப் பார்த்து எழுத வந்த பிள்ளையள் இருக்கினம், கஜீபன். அதுகளுக்கு இந்த வரி வேணும்."

"அதுதானே!" என்றார் கனகலிங்கம். உதயகலா வந்ததிலிருந்து இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

இரண்டும் அச்சேறினால் அவளுடைய கடைசிப் பின்னேரம் நடக்கவேயில்லை என்றாகிவிடும். ஆஸ்பத்திரி வாட்டில் அவளோடு நின்றது அவன் ஒருவன்தான்.

"நீங்கள் ரெண்டு பேரும் அங்கை நிக்கேல்லை," என்றான்.

"அப்ப அவ கடைசியா என்ன சொன்னவ?" உதயகலா பேனையை எடுத்தாள்.

அவன் சொன்னான். இரத்த அமுக்கம் இறங்கிக்கொண்டே போனது. தாதிமார் ஓடிவந்தார்கள். அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒருத்தி கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்தாள். தனுசியா எட்டி அவனுடைய சேட்டைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"கஜீபன், திரையை மூடவேண்டாமெண்டு சொல்லும். எனக்குப் பயமாக் கிடக்கு."