பிழைக்குக் காரணம்: வெற்றி

எங்கள் கல்லூரித் தேர்வு முடிவுகள் வரவிருந்த அன்று, வீட்டில் யாருக்கும் என் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை இல்லை. முடிவுகளை வெளியிடும் சர்வர் நிரலை எழுதியவள் என் அக்கா. தற்காலிக வேலை. சர்வர் கூட்டத்தைத் தாங்கினால் அவளுக்கு வேலை நிரந்தரம், விழுந்தால் அவளும் கூடவே விழுவாள். அவள் சாப்பிடுகிறாளா என்று பார்த்து வரச் சொல்லி அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து என்னை அனுப்பினாள். அலுவலகத்தில் ஏசி இருக்கிறது என்பதால் நானும் மறுக்கவில்லை.

ஏசி இருந்தது. அதற்குக் கீழே, சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளியும் இருந்தது. அக்கா டப்பாவை வாங்கி, திறக்காமலேயே கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் முகம் சரியில்லை.

ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவனும் முடிவைக் கேட்கும்போது நிரல் ஒரு த்ரெட்டை உருவாக்கும். நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவனை அந்த ஆள் கவனிப்பான், நிரல் அடுத்தவனை வரவேற்கப் போகும். மாணவர்களைப் போல முடிவு கேட்கும் பொய்க் கூட்டம் ஒன்றைக் கணினியிலேயே ஏவிவிட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது: ‘த்ரெட் உருவாக்க முடியவில்லை. காரணம்: வெற்றி.’ அத்தோடு சர்வர் படுத்துவிட்டது.

“தோத்துட்டு வெற்றின்னு சொல்றது எங்க காலேஜ் மட்டும்தான்னு நெனச்சேன்” என்றேன்.

“டேய், வாய மூடிட்டு உக்காரு.”

மேலாளர் எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார். சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகிவிடும் என்றாள் அக்கா. “பார்க்கலாம்மா” என்று போனார். முடிவுகள் வெளியாக ஒரு மணி நேரம்கூட இல்லை.

அக்கா த்ரெட்டை உருவாக்கும் கட்டளையின் கையேட்டைத் திறந்து, மருமகள் சமையலைக் குறை தேடிச் சாப்பிடும் மாமியாரைப் போல வரிவரியாகப் படித்தாள். அடிப்பக்கம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மத்த கட்டளையெல்லாம் முடியலன்னா காரணத்த வாசல் பலகைல எழுதிட்டுப் போகும்டா. இது மட்டும் ஒரு நம்பரா கைலயே குடுக்குது. நான் கையப் பாக்காம பலகையவே பாத்துட்டிருந்திருக்கேன்.”

“பலகைல வெற்றின்னு இருந்துச்சா?”

“யாரும் எதுவும் எழுதலன்னா பூஜ்யம்தான் இருக்கும். பூஜ்யம்னா பிழை இல்ல, வெற்றின்னு அர்த்தம்.”

கையில் வந்த எண்ணின் பொருளைத் திரையில் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டினாள். இந்த முறை காரணம் வந்தது: ‘இப்போதைக்கு இடமில்லை. மறுபடி முயலவும்.’

ஒரு சர்வர் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை. முடியாது என்று அது சொல்லவே இல்லை. இப்போதைக்கு என்றுதான் சொல்லியிருந்தது. அந்தப் பதிலைப் படிக்காமல், ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றதும் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரையும் சேர்த்து மூடச் சொல்லியிருந்தது அக்காவின் நிரல்தான். அவள் அந்த வரியை அழித்தாள். இடமில்லை என்றால் வந்தவனை வரிசையில் நிறுத்து, ஒரு ஆள் வேலை முடித்துப் போனதும் மறுபடி கேள் என்று எழுதினாள். ஒரே வார்த்தையை மூன்று முறை தப்பாக அடித்து அழித்தாள். நான் கிண்டல் செய்யவில்லை. வரலாற்றில் முதல் முறை.

முடிவுகள் திறந்தன. பொய்க் கூட்டம் போய் நிஜக் கூட்டம் வந்தது.

திரை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த த்ரெட்டுகளின் எண்ணிக்கை ஏறியது. ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி இடம், தனி ஓட்டம்; ஒவ்வொன்றும் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவை ஓடுவது தெரியாமல், உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்ற நினைப்பில் ஒரு மாணவனுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் அந்த ஒற்றைச் சர்வர் பெட்டி மாறி மாறி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை எல்லையைத் தொட்டது. ‘இப்போதைக்கு இடமில்லை’ என்ற வரிகள் மழையாகக் கொட்டின. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எதுவும் விழுந்திருக்கவில்லை. ஒன்று முடிந்து மறைந்தது; அந்த இடத்தில் இன்னொன்று பிறந்தது. மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள், உள்ளே போனார்கள், முடிவோடு வெளியே வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. எங்கள் கேன்டீனில் இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. வாளியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

முடிவைக் கேட்டிருந்த என் செல்போனில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அக்கா, எனக்கு இன்னும் வரல.”

“வரிசைல இருப்ப.”

“கூடப் பொறந்த தம்பி நான்.”

“அது எனக்குத் தெரியும். சர்வருக்குத் தெரியாது.”

பார்க்கலாம் சார் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரையை மறுபடி பார்த்தார்.

“எடமில்லன்னு இத்தன தடவ சொல்லுது. ஆனா யாரும் திரும்பிப் போகலயே?”

“யாரும் போகல சார்” என்றாள் அக்கா.

“நாளைலேருந்து உனக்கு வேலை நிரந்தரம்மா” என்றார் அவர். பழக்கத்தில் ‘பார்க்கலாம்’ வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

அக்கா டப்பாவைத் திறந்தாள். என் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் முறையாக எனக்கு அவசரமே இல்லை.