மூன்று விரல் வாசிப்பு

பல் மருத்துவர் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் தேநீர்த் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை என் மனைவியின் மாணவர்கள் எங்கள் கூடத்தில் கூடி, ஆளுக்கொரு பாட்டாகச் செல்லோ, அதாவது உட்கார்ந்து கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின், வாசிப்பார்கள். எல்லோரும் வேலைக்குப் போய்வருகிற பெரியவர்கள். எனக்கு இசை ஞானம் சுத்தமாகக் கிடையாது. கச்சேரிக்குப் போகும்போது செல்லோவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அதை அணைத்தபடி அவளும் அங்கேயே உட்கார்ந்துகொள்வாள். முன்னால் நான் தனியாக ஓட்டுவேன். பார்க்கிறவர்கள் வாடகைக் கார்க்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

காதுக்கு ஒன்றும் எட்டாததால் நான் கைகளைத்தான் பார்ப்பேன். பல் மருத்துவரின் இடது கையில் மோதிர விரல் மட்டும் தந்தியைத் தொடாமல் விறைத்து நின்றது. மற்ற விரல்கள் ஓடி ஓடி வேலை செய்ய, அது மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சும்மா இருந்தது. சிரிப்பு வந்தது. அடுத்து வந்த வங்கிக்காரருக்கும் அப்படியே. அதற்கடுத்த பெண்ணுக்கும் அதே விரல், அதே விறைப்பு. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த விரலை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளாக என் மனைவி ஜாம் பாட்டிலைத் திறக்க என்னிடம் நீட்டுகிறாள். பொத்தான் போட நேரமாகிறது. கேட்டால், "குளிருதுங்க," என்பாள். இசைக்குழுவில் அவள் உட்காரும் நாற்காலி எங்கள் கல்யாணத்துக்கும் முந்தையது. அந்த வகையில் எனக்கு மூத்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மூன்று விரல்களாலேயே வாசிக்கக் குறுக்கு வழி கண்டுபிடித்து, என்னிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள். டீச்சர் செய்வதை அப்படியே செய்கிற நல்ல பிள்ளைகள் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஜன்னலருகே நின்றவளைப் பார்த்தேன். அவளும் கவனித்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. வாசித்துக்கொண்டிருந்த பெண் இசைக்குழு மேலாளரின் மனைவி. இவள் இங்கே வாயைத் திறந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி மேலாளரிடம் போய்ச் சேரும். அடுத்த கச்சேரியில் அந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். திறக்காவிட்டால் இந்த நல்ல விரல்களெல்லாம் முடங்கியே பழகிவிடும். சொல்லிவிடாதேம்மா என்று என் மனம் கெஞ்சியது.

"நிறுத்தும்மா," என்றாள். "எல்லாரும் தப்பா வாசிக்கிறீங்க. தப்பு என்னோடது. எனக்கு இந்த விரல் மடங்க மாட்டேங்குது, தூக்கி வெச்சுக்கறேன். உங்களுக்கெல்லாம் என்ன வந்துச்சு?"

பல் மருத்துவர் தொண்டையைச் செருமினார்.

"அதுதான் உங்க ஸ்டைல்னு நெனச்சோம் டீச்சர். நான் கண்ணாடி முன்னாடி உக்காந்து வேற பழகினேன்."

அவள் கண்ணீரோடு சிரித்துவிட்டாள். பிறகு மேலாளரின் மனைவியிடம் போய், அந்த மோதிர விரலைப் பிடித்துத் தந்திமேல் வைத்தாள்.

"டீச்சர், நான் வீட்ல எதுவும் சொல்லமாட்டேன்," என்றாள் அந்தப் பெண்.

"சொல்லும்மா. மறைச்சது போதும். இப்ப நல்லா அழுத்து."

எல்லோரும் போன பிறகு காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் செல்லோவை எடுத்து உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கை எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இங்க வாங்க."

பின்னால் போய் நின்றேன். என் மோதிர விரலை இழுத்துத் தந்திமேல் வைத்தாள். "அழுத்துங்க. இன்னும். பயப்படாதீங்க, கடிக்காது. ஒரு துளி கீழ."

வில்லை இழுத்தாள். என் விரலின் கீழே தந்தி அதிர்ந்தது; அதிர்வு முழங்கை வரை ஏறியது. அது சரியான சுரமா என்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

உள்ளே தொலைபேசி அடித்தது. மேலாளர்தான் என்று இருவருக்கும் தெரியும். நான் கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க," என்றாள்.

வில்லில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.