மூன்றாவது தடவையும் திரும்பி வந்த ரிவால்வர்

1

இந்தக் கதை எனக்குத் தீவனக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் கடைக்காரியிடம், "கம்பெனிக் கடுதாசிய மாவு டப்பாவுல சொருகிட்டேன். அவனுக்குத் தெரியாது" என்றாள். அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை. (அமெரிக்காவின் கென்டக்கிக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. ஒட்டுக்கேட்கும் புத்தி இன்னும் போகவில்லை.)

2

தொடக்கம்: 'டெல்பர்ட் தன் மனைவியை உயிருக்கு உயிராக நேசித்தான். ஆகவே அவன்—'

வேண்டாம். இந்த வாக்கியத்தை எத்தனை நாவலில் எழுதிவிட்டேன். அலுத்துவிட்டது. நேராகவே சொல்கிறேன்.

வெர்னாவுக்கு அறுபத்தொரு வயது, வலது தோள் தேய்ந்துவிட்டது. ஆடு வளர்க்கிறாள். பட்டியைச் சுற்றி, வளர்ப்பாரில்லாத நாய்க் கூட்டம் ஒன்று அலைகிறது. கணவன் டெல்பர்ட்டின் கனத்த பழைய ரிவால்வரை அவளால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் மலிவாக, எடை குறைவாக, மேலங்கிப் பையில் அடங்குகிற ஒன்றை வாங்கித் தந்தான்.

முதலில், குழல் நுனியில் குறிபார்க்கும் முனை கோணலாக இருந்தது. கம்பெனிக்கு அனுப்பினார்கள், வந்தது. அடுத்து, அழுத்திய விசை திரும்பவில்லை. அனுப்பினார்கள், வந்தது. பிறகு நாய்கள் வந்தன. வெர்னா இரண்டு முறை சுட்டாள். மூன்றாவதற்கு, குண்டு போடும் உருளை சுழலவில்லை. ஒரு சினையாடு போயிற்று.

3

"துப்பாக்கியா இது? தகர டப்பா" என்றான் டெல்பர்ட், மறுபடி பார்சல் கட்டியபடி.

"திட்டிக்கிட்டே டேப் ஒட்டாத. அதுவும் கோணலாப் போவுது."

"என் குண்டு முப்பது வருஷமா என் துப்பாக்கில ஒரு தடவ சிக்கியிருக்கா, சொல்லு கண்ணு?"

[இங்கே டெல்பர்ட்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கடையில் குண்டு வாங்கினால் என்ன? ஆனால் இந்தப் பக்கத்து ஆண்கள் பலரும் குளிர்காலமெல்லாம் கராஜில் உட்கார்ந்து தாங்களே குண்டு செய்கிறவர்கள். அவளுக்கென்று செய்த பெட்டியில் பென்சிலால் 'வெர்னா' என்று எழுதியிருக்கிறான். அதை எப்படி மறுப்பது?]

குண்டு செய்த விதத்தையும் புகார்க் கடிதத்தில் பெருமையாக எழுதினான்.

4

கூரியர்க்காரர் வந்தபோது டெல்பர்ட் மரமில்லில் இருந்தான். பிஸ்கட்டுக்கு மாவு அள்ளிக்கொண்டிருந்த வெர்னா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே ஒரு கடிதம்.

'முதல் இரண்டு குறைகள் எங்களுடையவை. மூன்றாவது அல்ல. எடை குறைந்த துப்பாக்கி பலமாக உதைக்கும். கையால் செய்த உங்கள் குண்டுகளில், ஈய முனையைக் கூட்டின் வாய் கவ்வும் பிடி அதற்குப் போதாது. இரண்டு முறை சுட்டதும், மிச்சமுள்ளவற்றின் முனை முன்னால் நழுவி உருளையைத் தடுக்கிறது. கடைக் குண்டு போட்டு நூறு முறை சுட்டோம். சிக்கவில்லை.'

இரண்டு முறை படித்தாள். கடிதத்தை மாவுக்குள் செருகினாள்.

மாலையில் டெல்பர்ட் வந்ததும், திறந்து கிடந்த டப்பாவைப் பழக்கப்படி அழுத்தி மூடினான். உள்ளே பார்க்கவில்லை.

"என்ன சொல்றானுங்க?"

"சரி பண்ணிட்டாங்களாம்."

"இப்பவாவது ஒத்துக்கிட்டானுங்களே." வெர்னா என்று எழுதிய பெட்டியைத் திறந்து ரிவால்வரில் ஐந்து குண்டுகளையும் தானே போட்டு, அவள் மேலங்கிப் பையில் வைத்தான்.

5

முடிவுகள்.

அ) சொல்லிவிடுகிறாள். அவன் மூன்று நாள் பேசுவதில்லை. நாலாம் நாள் கராஜில் விளக்கு எரிகிறது. (பழைய நான் இதைத்தான் எழுதியிருப்பேன்.)

ஆ) கடைக் குண்டு வாங்கி, அவன் வேலைக்குப் போனதும் மாற்றிக்கொள்கிறாள். மாலையில் அவன் குண்டுகளைத் திரும்பப் போடுகிறாள். இப்படி வருடக்கணக்கில் ஓடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இ) அவள் எதுவும் சொல்லாமல்—

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

இப்போது மேட்டுப்பக்கம் நாய்கள் குரைக்கின்றன. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெர்னா அடுப்படியில் நிற்கிறாள், கடிதம் கிடக்கும் மாவு டப்பாவை இடுக்கிக்கொண்டு. குண்டின் வாயை இறுக்கத் தெரியாதவன் டப்பா மூடியை மட்டும் எப்போதும் இப்படித்தான் இறுக்குவான். அந்தத் தோளால் அதைத் திறக்க முடியாது. திறக்க வேண்டுமானால் பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிட வேண்டும்.

முதல் இரண்டு குண்டுகள் வெடிக்கும், அது எனக்குத் தெரியும். அவனைக் கூப்பிடுகிற வார்த்தையை மட்டும் நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். நாய்கள் வேலியண்டை வந்துவிட்டன.