எதிர்மேட்டுப் பாதை

கதோனி விடிந்ததிலிருந்து விறகு சுமந்துகொண்டிருந்தாள். நெற்றியில் தோல்வார் அழுந்த, முதுகு வளைய, ஒவ்வொரு கட்டாகக் கொண்டுவந்து நியோகாபியின் குடிசைக்குள் அடுக்கினாள். பரண் நிறைந்து, சுவரோரமும் நிறைந்துவிட்டது. இளைய மனைவி மூத்தவளுக்கு விறகு கொண்டுவருவது அந்த மலையில் வழக்கம்தான். ஆனால் தான் புருஷன் வீட்டைவிட்டே போகிற நாளில் எவளாவது அதைச் செய்வாளா?

"போதும்டி," என்றாள் நியோகாபி.

"மழை வரப்போகுதுக்கா. ஒங்க முட்டிய வச்சுக்கிட்டு ஓடை வரைக்கும் எறங்க முடியாது. அப்புறம் யாரு..." அவள் முடிக்கவில்லை.

தனக்குப் பிள்ளை இல்லை, தோட்டத்துக்கு ஆள் இல்லை என்று புருஷன் கிபூரியை நச்சரித்து, எதிர்மேட்டுக்குத் தானே நடந்து போய் இவளைப் பெண் பார்த்து வந்தவள் நியோகாபிதான். மகன் வாச்சிராவைப் பெற்றது கதோனி. அவன் தூங்குவது நியோகாபியின் அடுப்போரத்தில். பிறகு மிஷன் கோயிலுக்கு முதலில் போனவளும் நியோகாபிதான். மார்த்தா என்று பெயர் வாங்கிவந்து, நீயும் வா, நீயும் வா என்று கிபூரியின் உயிரை எடுத்தாள். அவன் வந்தால் வீடே வந்துவிடும், நாலு பேரும் ஒரே பலகையில் உட்காரலாம் என்று நினைத்தாள். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒரு மனைவிதான் இருக்கலாம் என்பதைப் போன வாரம்தான் உபதேசியார் சொன்னார்.

"அப்ப நான் போறேன் ஐயா. புள்ள இல்லாதவ நான்தானே," என்று அவர்முன் போய் நின்றாள்.

"மொதல்ல கட்டுனவதாம்மா பொண்டாட்டி. சட்டம் அப்படி." அவருடைய அப்பாவுக்கே மூன்று மனைவிகள். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

கிபூரியிடம் கெஞ்சினாள். பிரசங்கம் கேட்டுக் கேட்டு அழுதே கரைந்திருந்தான் அவன்.

"நீதானே கூப்பிட்ட? இப்ப வந்துட்டேன்," என்றான்.

கதோனியோடு அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது வாச்சிரா நியோகாபியின் ஆடையைப் பிடித்துக்கொண்டான். "பெரியம்மா, நீ வரல?"

"நீ முன்னால போடா. பின்னாலயே வரேன்."

மிஷன் கோயிலின் சன்னல் எதிர்மேட்டைப் பார்த்திருந்தது. ஞானஸ்நானம் முடிந்த கையோடு நியோகாபியோடு மோதிரக் கல்யாணம். கிபூரியின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஏதோ கேட்க, உபதேசியார் எடுத்துச் சொன்னார்: "இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

கோயில் நிறைய ஊர்சனம். எல்லோரும் கதோனியின் கல்யாணத்தில் குடித்துச் சாப்பிட்டவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நியோகாபியும்தான்.

எதிர்மேட்டுச் செம்மண் பாதையில் ஒரு பெரிய புள்ளியும் ஒரு சின்னப் புள்ளியும் ஏறிக்கொண்டிருந்தன. சின்னது நின்றது. திரும்பியது. பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததோ என்னவோ, கீழ்நோக்கி ஓடத் தொடங்கியது.

"மார்த்தா, சம்மதமா?" உபதேசியார் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"சம்மதம்," என்றாள்.

விரலில் மோதிரம் ஏறியது. சின்னப் புள்ளி இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.