தாமலுக்குப் போன நுரை மருந்து

ஊசி போட்டு என் வாயில் பாதியை மரக்கட்டை ஆக்கிய பிறகுதான் நர்ஸ் எஸ்தர் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அங்கிள், கூட யாரு வந்துக்கிறாங்க? ஆளு இல்லாம டாக்டர் பல்லுல கை வைக்க மாட்டாரு.”

காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் வாயிலிருந்து எத்தனை ரகப் பொய் வரும் என்று கேட்டுக் கேட்டே அந்த வித்தையில் தேறியவன். “பொஞ்சாதி வந்துக்குது. வெளிய குந்திக்கினு இருக்குது,” என்றேன். என் மனைவி இறந்து நான்கு ஆடி கழிந்துவிட்டது. மகள் ஓசூரில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் நானும், நான் எது சொன்னாலும் கடகடவென்று தலையாட்டுகிற ஒரு மின்விசிறியும்தான். இந்தக் கதையையெல்லாம் வாயைப் பிளந்து படுத்திருக்கிறவன் ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வான்?

ஞானப்பல் என்று பெயர். அறுபத்து மூன்று வயதில் எனக்கு வந்திருந்த ஞானமெல்லாம் அதில் விழுந்த சொத்தைதான். டாக்டர் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தேர் இழுப்பதுபோல் இழுத்தார். பல் பெயர்ந்த சத்தம் ஊர்க்கோடி ஓரிக்கையில் கேட்டிருக்கும். அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இடி என்று நினைத்து வடகத்தை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட உதவும் அளவில் ஒரு பல் தட்டில் விழுந்தது. பிறகு அந்தக் குழிக்குள் டாக்டர் எதையோ ஊற்ற, வாய்க்குள் சோடா பாட்டில் உடைத்ததுபோல் நுரை பொங்கியது. தையல் போட்டு, பஞ்சை வைத்து அடைத்தார்.

எஸ்தர் மருந்துப் பையோடு என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாள். கூடத்து பெஞ்சில் ஒரே ஒரு பெண்மணி, மடியில் மஞ்சள் துணிப்பையோடு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. முகவாயால் அவளைக் காட்டினேன்.

“அட, தாமல் கங்கையம்மாளா? காலையில பல் செட்டுக்கு அச்சு குடுத்தீங்களே, நீங்கதானா அது! புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நாள்ல வந்துட்டு, சொல்லவே இல்ல பாருங்க!”

அந்தக் கங்கையம்மாள் என்னைப் பார்த்தாள். வீங்கிய கன்னம், கடைவாயில் ரத்தம் ஊறிய பஞ்சு, கெஞ்சுகிற இரண்டு கண். அவள் ‘யாருய்யா இந்தாளு’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

“இது எங்க சொல்லப்போவுது?” என்றாள் அவள், பொக்கை வாயைக் கோணிக்கொண்டு. “ஊரு கதையெல்லாம் பேசும். நல்ல பேச்சு ஒண்ணு வாயில வராது.”

நான்கு வருஷமாக யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தத் திட்டு மரத்துப்போன பக்கத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கியது.

எஸ்தர் ஒரு பழுப்பு பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். “ஆன்ட்டி, நல்லா கேட்டுக்கோங்க. இது ஹைட்ரஜன் பெராக்சைடு. இன்னிக்கு வேணாம், ரத்தக்கட்டி கலைஞ்சிடும். நாளன்னிக்கிலருந்து பாதி மருந்து, பாதி தண்ணி கலந்து, வாயில வெச்சு மெதுவா ஆட்டணும். முழுங்கக் கூடாது. நுரை வரும், பயப்படாதீங்க. அடுத்த வாரம் இதே நாள் தையல் பிரிக்கணும், கூட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் முக்கியமா, அதுவரைக்கும் அங்கிள் பேசவே கூடாது.”

கங்கையம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியை முகர்ந்தாள். அவள் முகத்திலிருந்த விளையாட்டு சட்டென்று போய்விட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள், பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பெஞ்ச் காலி. ஜன்னல் வழியே பார்த்தேன். தாமல் வழியாகப் போகிற பஸ்ஸில் மஞ்சள் பை ஏறிக்கொண்டிருந்தது. கத்திக் கூப்பிட வாயில்லை. ஒரு விசில் ஊதினால் அந்த டிரைவர் நிறுத்தியிருப்பான். ஆனால் ஊதவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. என் மருந்து தாமலுக்குப் போய்விட்டது.

மருந்துக்கடையில் கேட்டால் வேறு பாட்டில் கொடுப்பான். நான் கேட்கவில்லை, உப்புத் தண்ணீரிலேயே ஓட்டினேன். புதிதாக ஒன்று வாங்கிவிட்டால், அந்தப் பாட்டிலைத் தேட எனக்கு என்ன காரணம் இருக்கும்? எஸ்தரிடம் கங்கையம்மாள் நம்பரைக் கேட்கலாம் என்றால், எந்தப் புருஷன் நர்ஸிடம் பொஞ்சாதி நம்பர் கேட்பான்?

இந்த வாய் மூடினால் காஞ்சிபுரமே திகைத்து நிற்கும், கோயில் மணி கூடக் கொஞ்சம் தயங்கும் என்று நினைத்திருந்தேன். எதுவும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறிகள் வழக்கம்போல் அடித்தன. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். நான் பேசவில்லை என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. மகள் போன் செய்தபோது தொண்டையைக் கனைத்தேன். “பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கியாப்பா? சிக்னல் இல்ல போல,” என்று வைத்துவிட்டாள்.

ஒருநாள் நிஜமாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தாமல் வழி பஸ் பக்கத்தில் நின்றேன். என்னிடம் வேலை கற்ற வரதராஜன்தான் அதில் கண்டக்டர்.

“இன்னாண்ணே, கன்னத்துல பணியாரம் அடக்கி வெச்சிக்கிற? ஏறு, ஏறு. எங்க, தாமலா? அங்க யாருண்ணே உனக்கு?”

யார் என்று கையால் எப்படிக் காட்டுவது? படிக்கட்டில் வைத்த காலை எடுத்துக்கொண்டேன். அவன் விசில் ஊத, பஸ் போயிற்று. தாமல் ஏரிக்கரையில் பாதி உலகத்தை ஏற்றி இறக்கியவன் நான். அங்கே இறங்க எனக்குத்தான் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

தையல் பிரிக்கிற நாள் வந்தது. பெஞ்சில் என் துண்டைப் பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் என் கழுத்தும் திரும்பியது.

“எங்க அங்கிள் ஆன்ட்டி?” என்றாள் எஸ்தர்.

பேசக் கூடாத கெடு அன்றோடு முடிந்திருந்தது. பொய்களை வரிசையில் நிற்கவைத்துப் பழகிய வாய் இது. திறந்தேன். பொய்க்குப் பதில் என் கைதான் நீண்டு, விரித்த துண்டைக் காட்டியது.

“பஸ்ஸு லேட்டு,” என்ற குரல் கதவிலிருந்து வந்தது. கங்கையம்மாள் நேராக எஸ்தரிடம் போய், பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள். சீல் உடையவில்லை.

“ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? நான் சாயப்பட்டறையில வேலை பாத்தவ. இது பட்டு வெளுக்கிற சரக்கு. கையில பட்டா வெள்ள வெள்ளயா பூத்து எரியும். இத்த போய் மனுசன் வாயில ஊத்தச் சொல்றியே? அதான் எத்துக்கினு பூட்டேன். ஒரு வாரமா எனக்கு நிம்மதி இல்ல. இந்தாளு வேற எங்கனா வாங்கி ஊத்திக்குச்சோ, வாய் வெந்துபூட்ச்சோன்னு.”

அவள் மறந்துபோய் எடுத்துப் போகவில்லை. என் வாய்க்குப் பயந்து எடுத்துப் போயிருக்கிறாள். இங்கே மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்த அத்தனை பகலிலும், தாமலில் ஒரு வீட்டில் என் வாய் வெந்ததோ என்று ஒருத்தி கவலைப்பட்டிருக்கிறாள். துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். “ஆன்ட்டி, பட்டறையில இருக்கிறது ரொம்ப கெட்டி. இது அதுல துளியூண்டு, மீதியெல்லாம் தண்ணி. அதுலயும் பாதி தண்ணி ஊத்திதான் தர்றோம்.”

“அப்போ கலக்கு. நான் பாக்குறேன்.”

டாக்டர் தையலைப் பிரித்துவிட்டு, உள்ளே உணவுத் துணுக்கு தங்கியிருக்கிறது, ஒருமுறை கொப்பளிக்கட்டும் என்றார். எஸ்தர் கலந்த டம்ளரைக் கங்கையம்மாள் வாங்கி, முதலில் தன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, பட்டின் நிறம் பார்ப்பதுபோல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தோல் வெளுக்கவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“கொஞ்ச நேரம் வாயிலயே இருக்கட்டும் அங்கிள்,” என்று சொல்லிவிட்டு எஸ்தர் அடுத்தவரைப் பார்க்கப் போனாள்.

வாய் முழுக்கச் சின்னச் சின்னதாக எதுவோ வெடித்தது. நுரை ஏறி உதட்டை முட்டியது. கங்கையம்மாள் ஒரு கிண்ணத்தை என் முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

“ஆமா, உம் பேரு இன்னாய்யா?”

பரசுராமன். சொல்ல முடியாமல் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, கொஞ்சம் இரு என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். நுரை மீசை வழியாக இறங்கி, வெள்ளை வெளேரென்று, அவள் கட்டை விரல் மேல் சொட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.