முப்பத்தைந்து நிமிட நிறுத்தம்

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். வண்டிகள் கேட்கின்றனவோ இல்லையோ, வீட்டில் நாங்கள் கேட்டாக வேண்டும்.

பையன் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேன்மா" என்பான். சாப்பிட்டாயா என்றால் அதற்கும் "நல்லா இருக்கேன்மா"தான். நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். கையைத் தொட்டாலே ஆள் பயந்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். போனில் எதைத் தொட்டுப் பார்ப்பது? அவனை நேரில் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அடுத்த மாசம், குளிர் ஆரம்பிச்சதும் போய்ட்டு வந்துடலாம்" என்றார் இவர். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். அட்டவணையில் பையனுக்கு நான்கு மணி நேரம் போட்டிருந்தார். நானும் சரி என்றேன்.

விஷயம் எப்படியோ என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா காதுக்குப் போனது. "குளிர்ல அந்த ஊர் ஏரி அவ்ளோ அழகா இருக்குமாம் தம்பி. நாங்களும் வரோம்" என்று அண்ணி கிளம்பிவிட்டார். ஏரிக்கு ஒரு மணி நேரம். அண்ணியின் கணவருக்கு அங்கே உள்ள ஆலையில் நேரடியாக ஸ்வெட்டர் வாங்க வேண்டும். ஏற்கெனவே நாலு ஸ்வெட்டர் வைத்திருக்கிறார், போடுவதற்குக் குளிரைத்தான் காணோம். ஆலைக்கு ஐம்பது நிமிடம். அருங்காட்சியகத்துக்கு நாற்பத்தைந்து. இருவர் முழங்காலுக்கும் சேர்த்து ஓய்வு அரை மணி. எதிர்பாராத தாமதத்துக்கு இருபது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து இவர் தாளை விரித்தார். நான்காவது நிறுத்தம்: மகன். முப்பத்தைந்து நிமிடம்.

"என்னங்க இது? பெத்த புள்ளைய பார்க்க முப்பத்தஞ்சு நிமிஷமா?"

"வழக்கமா ஒரு நிறுத்தத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுப்பேன்" என்றார். பெருமையாகவே சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பையனே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும் என்று போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தேன். "உங்கப்பா போட்ட திட்டத்தை நீயே கேளுடா" என்றேன். இவர் ஏரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக நிதானமாக வாசித்து முடித்தார்.



"போதும்ப்பா. முப்பத்தஞ்சு நிமிஷம் நிறைய" என்றான் பையன். "இங்க வந்ததுலேருந்து யாரும் என்கூட அவ்ளோ நேரம் உட்கார்ந்து பேசினதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான். அண்ணி தாளை எடுத்து மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அவர் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "நாளைக்குக் காலைல அஞ்சு பத்துக்கு ஒரு வண்டி இருக்குடா. நானும் அம்மாவும் அதுல வரோம்."

"நாளைக்கேவா? திரும்பி எத்தனை மணிக்குப்பா கிளம்புவீங்க?"

இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலடா" என்றார்.