அலவி முதலாளியின் மிஷின்

பதுளை பஸாரில் ஊசி, நூல், பொத்தான் விற்கும் அலவி முதலாளி, இடது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, சீனி வருத்தத்துக்கு அமெரிக்காவில் தயாராகிவரும் மிஷினை மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நின்றவள் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெரியாயி. அவள் வந்ததோ தையல் ஊசி வாங்க.

"சின்னக் குழாய். உள்ளுக்குக் கணையத்தின்ட துண்டுகள், உசிரோட. ரத்தத்தில சீனி கூடினா அதுவே மருந்தச் சுரக்கும். குழாயெல்லாம் ஓட்டை, மா அரிக்கிற அரிப்பு மாதிரி. மருந்து வெளிய வரும். வேத்துச் சாமானத் தாக்க ஒடம்பில ஈக்கிற காவல்காரனுக்கு உள்ள போகேலா."

"நல்லதுங்க மொதலாளி. ஊசியக் குடுத்தீங்கன்னா பஸ்ஸப் புடிச்சிருவேன்."

இங்கிலீஷ் சஞ்சிகையிலிருந்து வெட்டிய தாள் அவருடைய சட்டைப்பையில் குடியிருந்தது. எந்த மிருகத்தின் கணையம் என்று தாஸிம் ஹாஜியார் பள்ளிவாசல் படியில் வைத்துக் கேட்டபோது, எலி என்று அச்சடித்திருந்ததை மறைத்து, மாடு என்று சொல்லி மார்க்கத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றியிருந்தார். எலிக்குப் பலித்தது அலவிக்குப் பலிக்காதா? இறக்குமதிக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பான் ரேடியோவும் காற்றாடியும் பஸாரில் வந்து இறங்கவில்லையா? மிஷினும் இறங்கும். அதற்குள் இன்சுலின் ஊசியைக் குத்திக்கொள்வது புத்தியுள்ளவன் செய்கிற காரியமல்ல என்று ஊர் முழுக்க அறிவித்திருந்தார். ஊருக்கே ஊசி விற்கிற தனக்கு, டாக்டரின் ஊசியைக் கண்டால் நெஞ்சடைக்கும் என்பதை மட்டும் அறிவிக்கவில்லை.

காலுக்கு இதொன்றும் தெரியாது. பெருவிரல் புண் ஆற மறுத்தது. இனியும் இன்சுலின் போடாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். அலவி அவருக்கும் மிஷினை விளக்கிவிட்டு வந்தார்.

வீட்டில் வேறொரு மனக்குறை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், பிபிலை ஆரஞ்சு ஒன்று, நல்ல தோடம்பழம், நாட்கணக்காகக் கிடந்தது. மனைவி றமீலா தானும் தின்னவில்லை, அவருக்கும் கொடுக்கவில்லை. கண்ணில் படும்படி வைத்து வதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, குசினியில் அவரை உட்காரவைத்துப் புண்ணைக் கழுவித் துடைத்த றமீலா கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் சொல்லுறீங்க. எனக்கு அந்த மிஷினச் சொல்லவே இல்லியே."

அலவிக்கு முகம் மலர்ந்தது. தாளை விரித்து அரிப்பிலிருந்து காவல்காரன்வரை சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நல்ல சாமான்தான். அத ஒடம்புக்குள்ள எப்படி வைக்கிற?"

தாளில் அந்தப் பந்தியை அவர் எப்போதும் தாண்டிப்போய்விடுவார். இப்போது விரல் வைத்து வாசித்தார். வயிற்றைக் கீறி, இரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்து... தையல் சாமான் விற்றே வளர்ந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. தாளை மடித்தார்.

"வரட்டும், வெச்சிக்கொள்ளுவோம்," என்றாள் றமீலா. அவள் சிரிக்கவில்லை. "வார அண்டைக்கு வைக்க ஒடம்பொண்டு வேணுமே. முழுசா."

அவள் எழுந்துபோய்க் குப்பியும் சிரிஞ்சும் கொண்டுவந்தாள். அலவி சாரத்தைத் தொடைவரை உயர்த்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசையில் கைக்கு அகப்பட்டதை இறுகப் பற்றினார். அகப்பட்டது தோடம்பழம். பிடித்த பிடியில் அதன் தோலெங்குமிருந்து நூல் நூலாகத் தண்ணீர் பீறிட்டு அவருடைய சட்டையை நனைத்தது.

"என்ன இது?"

"ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி பழத்தில தண்ணியக் குத்திப் பழகச் சொன்னா. நீங்க கடைக்குப் போனபொறகு ஒவ்வொரு நாளும் பழகின. முதல்ல ஊசி கோணிப் போச்சி."

"இப்ப?"

"இப்ப குத்தி முடிஞ்சி."

அலவி தொடையைப் பார்க்கவில்லை. பழத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினார். தோல் முழுக்கத் துளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், விழாமல், மின்னிக்கொண்டு நின்றது.